டேலியாக்களுக்கு மோட்டல் போர்வை

ஆர்லன் ஹோவ்லண்ட் குளிரை நம்பிப் பிழைத்த மனிதர். மினசோட்டாவில் எல்ம் ஃபோர்க் என்ற சிற்றூரில் பனி தள்ளும் லாரி ஓட்டிக் குடும்பத்தை நடத்தினார். ஊரே வானத்தைப் பார்த்து முணுமுணுக்கும் நாளில் அவருக்கு மட்டும் ஓவர்டைம் கிடைக்கும். ஓய்வு பெற்ற பிறகும் குளிரோடு அவருக்கு இருந்த உறவு கெடவில்லை. முன்னாள் முதலாளியைத் தெருவில் பார்த்தால் தலையசைப்பது போல, முதல் பனிக்கு ஜன்னலிலிருந்து தலையசைப்பார்.

அப்பேர்ப்பட்டவர், செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை மதியம், "இன்றிரவு தெளிந்த வானம், உறைநிலைக்கு நான்கு டிகிரி கீழே" என்று ரேடியோ சொன்னதைக் கேட்டு, கடித்த சாண்ட்விச்சைத் தட்டில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். முன்னாள் முதலாளிக்கு எதிராக அவர் தூக்கிய முதல் கொடி அது.

காரணம் மேவிஸ். தோட்டம் அவர் மனைவியுடையது. வேலியோரம் ஆஸ்டர், நடைபாதை ஓரம் செவ்வந்தி, சமையலறை ஜன்னலுக்கு நேரே ஒரு வரிசை டேலியா. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம், திராட்சை ஒயின் நிறம். ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த டேலியாக்களுக்குக் குச்சி நட்டுக் கட்டும்போதுதான் மேவிஸ் கால் இடறி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு நடக்கப் பழக்கும் விடுதி. அவள் விழுந்தபோது டேலியா மொட்டுகூட விடவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, யாரோ கைதட்டிக் கூப்பிட்டது போல எல்லாம் ஒன்றாகப் பூத்துவிட்டன.

அதுவரை ஆர்லனுக்கும் பூக்களுக்கும் இருந்த சம்பந்தம், புல் வெட்டும்போது மிதிக்காமல் சுற்றிப் போவது. இந்த ஏழெட்டு வாரமாக அவரே தண்ணீர் விட்டார், வாடியதைக் கிள்ளினார். தினம் சாயங்காலம் மேவிஸ் போன் செய்வாள். தன் காலைப் பற்றிப் பேச மாட்டாள்.

"தோட்டம் இருக்கா?"

"இருக்கு."

"சரி."

அவ்வளவுதான். ஆனால் நேற்று மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் விடறாங்க. அதுவரைக்கும் இருந்தா நல்லா இருக்கும்."

வேறு ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணப் பேச்சு. எல்ம் ஃபோர்க்கில் இது காலில் விழுந்து கெஞ்சுவதற்குச் சமம். "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போடு" என்றுகூட யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத பெண் மேவிஸ். ஆர்லன் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. இப்போது ஒரே ஒரு இரவு குறுக்கே நின்றது.

உறைபனிக்கு அந்த ஊரின் வைத்தியம் போர்வை. மண்ணில் இருக்கும் பகல் சூடு மேலே ஓடிவிடாமல் துணியைப் போட்டு மூடினால் செடி பிழைக்கும். சாயங்காலத்துக்குள் ஊரின் பாதித் தோட்டங்கள் பிணவறை போலக் காட்சி தரும். ஆர்லன் அலமாரியைக் காலி செய்தார். கட்டில் விரிப்பு எல்லாம் ஆஸ்டருக்குப் போயிற்று. திரைச்சீலையும் கிறிஸ்துமஸ் மேஜை விரிப்பும் செவ்வந்திக்கு. தன் கம்பளிச் சட்டைகளை எடுத்து மூலையில் நின்ற ரோஜாச் செடிகளுக்கு மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டார். கடைசியில் பார்த்தால் டேலியா வரிசை மட்டும் அப்படியே நின்றது. ஓரத்திலிருந்து தொடங்கிய மனிதர், முக்கியமானதை முடிவுக்கு வைத்துக்கொண்டார். லாரியில் பனி தள்ளும்போதும் அவர் அப்படித்தான். தன் வீட்டு வாசலைக் கடைசியில்தான் தள்ளுவார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸ் குவாம் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு விதவை. நெடுஞ்சாலையோரம் மோட்டல் நடத்தியவள். அதை மூடியபோது கட்டில்களை விற்றாள். விரிப்பு, போர்வை மட்டும் யாரும் வாங்கவில்லை. அவள் கார் ஷெட்டில் கார் வெளியே நிற்கும், போர்வை உள்ளே இருக்கும். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"ஹோவ்லண்ட் ஐயா இன்னிக்குத் துணி காயப்போடற நாளா?" என்றாள்.

"உறையுமாம்."

"அப்படித்தான் சொல்றாங்க." கொஞ்ச நேரம் டேலியாவைப் பார்த்தாள். "எங்கிட்ட மோட்டல் போர்வை சும்மாதான் கெடக்கு. வேணும்னா எடுத்துக்கலாம்."

"இல்ல, இல்ல. இருக்கட்டும்."

இந்த இடத்தில் எல்ம் ஃபோர்க்கின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறியவர் யாரும் இல்லை. ஒருவர் எதையாவது தருகிறேன் என்றால் முதல் தடவை மறுக்க வேண்டும், அது நாகரிகம். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும், அது வளர்ப்பு. மூன்றாம் தடவை சொன்னால்தான் அவர் மனதாரத் தருகிறார் என்று பொருள். அப்போது, நமக்கு விருப்பமே இல்லாதது போல வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டவர் வெளியூர்க்காரர்.

"ஷெட்டுல எடத்த அடச்சிட்டுத்தான் கெடக்கு," என்றாள் ஆர்டிஸ். இரண்டாவது தடவை.

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்," என்றார் ஆர்லன். சொல்லிவிட்டு, மூன்றாவதற்காக முகத்தைத் தயார் செய்துகொண்டார்.

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் வாசலில் கேஸ் நிரப்பும் லாரி வந்து ஹாரன் அடித்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் டாங்கியை நிரப்ப வந்தவன். வந்த நேரத்தில் விட்டால் அடுத்த வாரம்தான். "இதோ வரேன்," என்று போனவள், அவனோடு பேசிவிட்டு, அப்படியே வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஆர்லன் வேலியோரம் நின்றார். பறித்த களையையே திரும்ப நட்டுப் பறித்தார். தானியக் கிடங்கின் நிழல் தெருவைத் தாண்டி அவர் புல்தரையில் ஏறியது. ஆர்டிஸ் வரவில்லை.

தன் வண்டியில் கிடந்த நீலத் தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. கொண்டுவந்து டேலியா மேல் போட்டார். அது பூக்களை அழுத்திச் சாய்த்தது. ஒரு தண்டு மளுக்கென்று ஒடிந்தது. அவர் விழுந்த மனிதனைத் தூக்குவது போலத் தார்ப்பாயைத் தூக்கினார். பூவை மட்டும் பறித்துக் குவளையில் வைத்தால் என்ன என்று ஒரு யோசனையும் வந்து போயிற்று. விடுதியில் மேவிஸைச் சுற்றி இருந்ததெல்லாம் குவளையில் வைத்த பூதான். அவள் கேட்டது தோட்டம்.

காற்று நின்றது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. மேகமில்லாத வானம், அசையாத காற்று, பளிச்சென்ற மேற்கு. எத்தனை வருஷம் குளிர் வரும் அடையாளங்களைப் பார்த்துச் சந்தோஷமாக லாரிக்கு டீசல் போட்டிருக்கிறார்.

போர்வையைக் கேட்க முடியாது. ஆனால் ஆர்டிஸை மூன்றாம் தடவை கேட்க வைக்கலாம். மேவிஸ் விழுந்த வாரம் ஆர்டிஸ் கொண்டுவந்த கறி-நூடுல்ஸ் பாத்திரம் இன்னும் திருப்பித் தராமல் கிடந்தது. காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தருவது அந்த ஊரில் திருட்டுக்கு அடுத்த குற்றம். வீட்டில் இருந்தது கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலம் ஒன்றுதான். அதைப் பாத்திரத்தில் கொட்டி, கையால் பரப்பி, வீட்டில் செய்தது போல ஒன்றிரண்டை உடைத்தும் வைத்தார்.

"பாத்திரம் கொடுக்க வந்தேன்," என்றார் ஆர்டிஸின் வாசலில்.

"அதுக்கென்ன அவசரம். காபி குடிக்கிறீங்களா?"

"இல்ல, கெளம்பணும்."

"போட்டு வெச்சதுதான்."

"வேணாம், சிரமம்."

"சூடா இருக்கு, ஆர்லன்."

"நீங்க இவ்வளவு சொன்னா ஒரு அரை டம்ளர்."

காபிக்கு மூன்று தடவை. பூசணிக் கேக்குக்கு மூன்று தடவை. இரண்டாவது காபிக்கு மூன்று தடவை. சட்டம் எந்தத் தடங்கலும் இல்லாமல் கம்பீரமாக நடந்தது, போர்வைக்கு மட்டும் நடக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஆரஞ்சு வெளிச்சம் சாம்பலாக மாறிக்கொண்டிருந்தது.

"தார்ப்பாய் போட்டுப் பாத்தீங்க போலிருக்கே," என்றாள் ஆர்டிஸ்.

"ஆமா."

"நல்ல தார்ப்பாய்."

"நல்ல தார்ப்பாய்தான்."

"பிளாஸ்டிக் எலையில பட்டா, பட்ட எடமெல்லாம் கருகிடும்னு சில பேர் சொல்லுவாங்க. எனக்கென்ன தெரியும்."

இதற்கு "உனக்கு மூளை இருக்கா" என்று அர்த்தம். ஆர்லனுக்குப் புரிந்தது. இப்போது கேட்பாள், இதோ கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேக் தட்டைத் துடைத்தாள்.

அவர் எழுந்தார். எல்ம் ஃபோர்க்கில் எழுந்திருப்பது கிளம்புவது ஆகாது. கதவருகே இன்னொரு சுற்றுப் பேச்சு உண்டு. கேஸ் விலை பேசினார்கள். பாதிரியாரின் முழங்கால் பேசினார்கள். ஆர்லன் கை கதவுப் பிடியில் இருந்தது. பித்தளை ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

கதவுக் கண்ணாடி வழியாகத் தன் தோட்டம் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகத் துணி மூட்டைகள். நடுவே கருஞ்சிவப்பாக, ஒன்றும் போர்த்தாமல், அந்த ஒரு வரிசை. அதற்கு நேரே சமையலறை ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் மேவிஸின் நாற்காலி.

"ஆர்டிஸ்," என்றார். கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். "எனக்குப் போர்வை வேணும்."

ஆர்டிஸ் கையிலிருந்த தட்டை மெதுவாக மேஜையில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மேவிஸுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நாளைக்கு வரா."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முப்பது வருஷமா பக்கத்து வீட்டுல இருக்கீங்க. ஒரு கரண்டி சக்கரை கேட்டதில்ல. நேரா வந்து வேணும்னு சொன்னா நான் என்ன நெனைக்கிறது? யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

"நீங்க மூணாவது தடவை கேக்கவே இல்லையே."

"கேக்கத்தான் வாயத் தொறந்தேன். கேஸ்காரன் வந்துட்டான். திரும்பி வந்தா, விட்ட எடத்துலேந்து கேக்கணுமா, மொதல்லேந்து ஆரம்பிக்கணுமான்னு தெரியல. அப்பறம், நீங்க நெஜமாவே வேணாம்னு சொல்லியிருந்தா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். சட்டத்தில் ஓட்டை இருப்பதை இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் கண்டுபிடித்த சங்கடம் அது.

"ஷெட்டத் தொறக்கறேன்," என்றாள் ஆர்டிஸ். "அந்தத் தார்ப்பாய மொதல்ல தூரப் போடுங்க."

கண் தெரிகிற வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. ஆர்டிஸ் நான்கு மூலையிலும் குச்சி நடச் சொன்னாள், போர்வை பூவைத் தொடாமல் கூடாரம் மாதிரி நிற்க. ஓரத்துக்குச் செங்கல். கடைசி மூலையைத் துணிக் கிளிப்பால் கவ்வும்போது ஆர்லனின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் போன் அடித்தது.

"தோட்டம் இருக்கா?"

ஆர்லன் ஜன்னல் வழியே போர்வைக் கூடாரத்தைப் பார்த்தார். "காலையில பாக்கலாம்."

"சரி," என்றாள் மேவிஸ். ஆனால் உடனே போனை வைக்கவில்லை.

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக மொறமொறத்தது. போர்வைகள் அட்டை போல விறைத்து நின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மோட்டல் பெயர் பச்சை நூலில். தார்ப்பாய் போய் விழுந்த இடத்தில், திரைச்சீலை எட்டாத ஒரு செவ்வந்திப் புதர் கருகி, வேகவைத்த கீரை போலத் தொங்கியது. ஆர்லன் வெயில் ஏறும்வரை எதையும் தொடவில்லை. தொட்டால்தானே தெரிந்துவிடும். இரண்டு தடவை கையை நீட்டி, இரண்டு தடவையும் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டேலியாவின் ஒரு மூலையைத் தூக்கினார்.

ஒயின் நிறம். இதழில் ஈரம். ஒடிந்த தண்டு ஒன்றைத் தவிர எல்லாம் நிமிர்ந்து நின்றன.

மத்தியானம் மேவிஸ் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை. சமையலறை நாற்காலியைத் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொன்னாள். சொன்னாள் என்றால், "வெளியில வெயிலா இருக்கு போலிருக்கே" என்றாள், ஆர்லன் நாற்காலியைக் கொண்டுவந்தார். கோட்டோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாக, வந்த விருந்தாளிகளை எண்ணுவது போலப் பார்த்தாள். ஒரு தேனீ மட்டும் சோம்பலாகச் சுற்றியது. ரோஜா மேலிருந்த சட்டையின் பொத்தான்களைப் பார்த்தபோது உதடு கோணியது.

"பரவாயில்ல," என்றாள் கடைசியில்.

எல்ம் ஃபோர்க்கில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஆர்லன் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

பச்சை நூல் அவள் கண்ணில் பட்டது. "ஆர்டிஸ் தந்தாளா?"

"கேட்டேன்."

மேவிஸ் பூவிலிருந்து பார்வையை எடுத்து, கணவரை முழுதாக ஒரு தடவை பார்த்தாள். "நீயா?"

அதற்குப் பதில் சொல்லும் முன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்டிஸின் குரல் வந்தது. "வந்தாச்சா மேவிஸ்? இன்னிக்கு நேத்தைய விட மோசமா உறையுமாம். இன்னும் தடியா ரெண்டு போர்வை இருக்கு. வேணுமா?"

"இல்ல, இல்ல," என்றார் ஆர்லன். "இருக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாய் சொன்னது அவர் காதில் விழுந்தது. தெரு திரும்பும் இடத்தில் ஏதோ லாரியின் சத்தம் கேட்டது.

"ஆர்லன்," என்றாள் மேவிஸ், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேணும்," என்றார் அவர், வேலியைப் பார்த்து.

ஆர்டிஸ் அங்கே இல்லை. கார் ஷெட்டின் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.