உண்ணாமலை போட்ட மாலை

"என் கொல்லையில நிறுத்தின வண்டியோட நெழலக்கூட ஒருத்தன் தொட்டுட்டுப் போவ முடியாது" என்பாள் உண்ணாமலை. சொன்ன வாய் மூடுமுன் நாக்கைக் கடித்துக்கொள்வாள். "கொஞ்சம் ஜாஸ்திதான். நெழலு போவாது. போன கார்த்திகைக்கு ஒரு சைடு கண்ணாடி போச்சு." அதையும் குரங்குதான் பிய்த்துப் போனது என்பது அவள் கட்சி. குரங்குக்கு ஸ்க்ரூ டிரைவர் யார் கொடுத்தது என்று தம்பி குமரேசன் கேட்டால், அவளுக்கு அடுப்பில் பால் பொங்கும் ஞாபகம் வந்துவிடும்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிய கொல்லைதான் அவளுடைய பார்க்கிங். பௌர்ணமிக்குக் கார்கள் இடித்துக்கொண்டு நிற்கும். மற்ற நாளில், ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்குகிறவர்களின் வண்டிகள் நாலைந்து. கேமரா கிடையாது, நாய் கிடையாது. ஒரு தென்னந்துடைப்பம் உண்டு. பொழுது சாயும்போது ஒவ்வொரு வண்டியையும் சுற்றித் தண்ணீர் தெளித்து வளையமாகப் பெருக்கிவிடுவாள். விடிந்ததும் வளையத்தைப் படிப்பாள். கோழி, பூனை, மனிதன், எல்லார் எழுத்தும் அவளுக்கு அத்துப்படி. "ஏன்டா மாறா, ஒண்ணுக்குப் போவ ஊருல உனக்கு இந்த வண்டி டயர்தான் கெடச்சுதா?" என்று செருப்புத் தடத்தை வைத்தே ஆளைச் சந்தியில் நிறுத்தியிருக்கிறாள்.

சக்கரவர்த்தி சாரின் கேரவன் அங்கே வந்து ஒரு வருடமாகியிருந்தது. வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஒண்டிக்கட்டை மனிதர், அந்த வண்டியை விட்டால் வேறு வீடு வாசல் இல்லை. ஆனியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து, வேலூருக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பினார். ஆட்டோவில் ஏறும்போது சாவியை அவள் கையில் வைத்தார்.

"நான் திரும்பி வரும்போது இது இங்க இருக்கணும், உண்ணாமலை. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"நீங்க வந்து சேருங்க சார். வண்டி எங்க போவுது?"

போகும்போலத்தான் இருந்தது. அந்த வாரமே பக்கத்துக் கொல்லையில் ஒரு காரைச் செங்கல்மேல் உட்காரவைத்துவிட்டு நாலு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் சார் வண்டியைச் சுற்றிய வளையத்தில், இந்த ஊரில் எவனும் போடாத பூட்ஸ் தடம். பின்கதவு வரை வந்து, நின்று, திரும்பியிருந்தது. பார்த்துவிட்டுப் போனவன் மறுபடி வருவான்.

அவள் வண்டிக்குள் ஏறினாள். கட்டிலுக்கு மேல் அலமாரியில், வேட்டியில் சுற்றிச் சட்டம் போட்ட போட்டோ ஒன்று கிடைத்தது. அதே நீள முகம், அதே மீசை, கண்ணில் கூலிங் கிளாஸ். சார் கொஞ்ச வயசில் எடுத்தது போல. அதை முன்கண்ணாடிக்குப் பின்னால், தெருவைப் பார்க்க நிறுத்தினாள். நெற்றியில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஒரு சம்பங்கி மாலை. பக்கத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு பல்பு. கதவைப் பூட்டிவிட்டு நேரே பொன்னியின் டீக்கடைக்குப் போனாள்.

"சார் போய்ட்டாரு பொன்னி. ஆனா போவல. பொழுது சாஞ்சா வண்டிக்குள்ள இருமறாரு."

"ஐயோ! யாரு சொன்னதுக்கா?"

"இருமறவரே வந்து சொல்லணுமா?"

மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. செங்கம் பஸ்ஸில் போனவனுக்குக்கூட இருமல் கேட்டது. கேரவன் சாமி என்று பெயராயிற்று. பெண்கள் சக்கரத்தடியில் பிஸ்கட்டும் கற்பூரமும் வைத்தார்கள். வைப்பரில் மஞ்சள் கயிறு ஏறியது. பூட்ஸ் தடம் மட்டும் அப்புறம் வரவேயில்லை. உண்ணாமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தாள்.

வெளியூர் வேலைக்குப் போயிருந்த குமரேசன் திரும்பி வந்து முன்கண்ணாடியைப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"உசுரோட இருக்கற மனுசனுக்கா மாலை போட்டக்கா?"

"சும்மாடா. திருடனுக்காக."

"திருடன் நம்பிட்டான், சரி. சும்மான்னு எமனுக்கு யாரு சொல்றது?"

சிரித்துத்தான் வைத்தாள். ஆனால் உடனே சாருக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுநாளும் அதே. குமரேசன் ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிக் கொடுத்தான். இனிஷியல் என்ன, ஊர் என்ன என்று அங்கே கேட்டார்கள். ஒரு வருடம் அவர் வண்டியைச் சுற்றிப் பெருக்கியவளுக்கு 'சார்' என்பதைத் தவிர எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மாலையைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்று சாவியோடு போனாள். மஞ்சள் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவில் கை வைத்தபோது உள்ளே யாரோ சீட்டி அடித்தார்கள். மெல்ல, உதட்டுக்குள்ளேயே, ஒரு பாட்டின் தொடக்கம் மட்டும், நின்று நின்று. வளையத்தைப் பார்த்தாள். பெருக்கிய மண் பெருக்கியபடி இருந்தது. ஜன்னல் இடுக்கில் காற்று என்று சொல்லிக்கொண்டாள். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

தான் கட்டிவிட்ட இருமல் தன் காதிலேயே விழுந்திருந்தால் பிரமை என்று தள்ளியிருப்பாள். கேட்டதோ அவள் கட்டாத ஒன்று. சாரை நாமே அனுப்பிவிட்டோம், அவர்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாலை உள்ளேயே காய்ந்தது. வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வளையம் பெருக்கினாள்.

ஆடி முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது. ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி ஒரு மனிதர் இறங்கினார்.

"என்ன உண்ணாமலை, வண்டி இருக்கா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தாள். "அந்த வளையத்துல கொஞ்சம் நடங்க சார்."

"எதுக்கு?"

"நடங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நடந்தார். ஈர மண்ணில் ரப்பர் செருப்பு அச்சுப் பிசகாமல் விழுந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சத்தம் கேட்டுப் பொன்னி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"போனை பஸ்லயே எவனோ அடிச்சுட்டான், அதான் பேச முடியல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வந்த சாரின் கண் முன்கண்ணாடியில் போய் நின்றது. உண்ணாமலை எல்லாவற்றையும் கொட்டினாள். இருமலையும் சீட்டியையும் தவிர.

"உங்களுக்குப் போய் மாலை போட்டுட்டேன் சார்!"

அவர் கண்ணாடியில் கை வைத்தார். "அது நான் இல்லம்மா. எங்கண்ணன். இந்த வண்டியக் கட்டினதே அவருதான். இதுக்குள்ளதான் போனாரு. மாலை போட எனக்கு மனசு வரல, அதான் சுத்தியே வெச்சிருந்தேன். நீயாவது போட்டியே."

பொன்னி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அதான் அவரு இருமிக்கினே இருந்தாரு!"

"இருமலா?" சார் தலையை ஆட்டினார். "அண்ணனுக்கு இருமலே கிடையாதும்மா. இந்த நேரத்துக்கு டீ போட்டுக்கிட்டு சீட்டி அடிப்பாரு."