அக்காவுக்கு மாட்டிய கோட்டு

லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து மார்கழிக் குளிரில் ஐரோப்பா பார்க்கப் புறப்பட்ட கோச் பஸ்ஸில், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். படிய வாரிய தலை, கழுத்தில் கமெரா. பக்கத்தில், அவருடைய பிள்ளைகளை லண்டனுக்கு வந்து வளர்த்துக் கொடுத்த அக்கா. பாரிஸில் இறங்கியதும் மனைவியின் கம்பளிக் கோட்டை அக்காவுக்கு மாட்டிப் படமெடுத்தார். எடுத்த கையோடு கழற்றிப் பைக்குள் வைத்தார். அக்கா சேலையோடு நடுங்கினார்.

“அண்ணை, பாவம், அவ போட்டிருக்கட்டுமே,” என்றேன்.

“மனிசியின்ர கோட்டு. இவ ஊத்தையாக்கிப் போடுவா.”

பிரசல்ஸில் மறுபடி மாட்டினார். “சிரியுங்கோ அக்கா, படம் ஊருக்குப் போகுது.”

அக்கா சிரித்தார்.

அடுத்த வருடம் ஊரிலிருந்து வந்த என் தங்கை சொன்னாள்: “தம்பியெண்டால் அவரைப் போல இருக்கவேணும். அக்காவுக்கு எவ்வளவு வடிவான கோட்டு வாங்கிக் குடுத்திருக்கிறார்!”