கால் விரலில் சுண்ணாம்பு

எங்கள் தெருவில் எல்லோரும் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். அதனால் சின்ன வயதில் எனக்கு அவஸ்தை என்றால் சாவுதான். யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் சாமியார் எண்ணெய் கொண்டுவந்து நெற்றியில் பூசி ஜெபிப்பார். அதற்கு அவஸ்தை பூசுதல் என்று பேர். “பூசியாச்சா?” என்று வாசலில் கேட்டால், ஆள் தேறாது என்று அர்த்தம். காய்ச்சல், பிரசவம் எதுவானாலும் நோவு என்றுதான் சொல்வோம். அவஸ்தை என்று சொல்ல வாய் வராது.

நயா பைசா வந்த புதிதில் எனக்குக் கல்யாணமாகி, சாலவாக்கம் பக்கம் போனேன். மறு வாரமே மாமியாரோடு நடவுக்கு இறங்கினேன். என் பிறந்த ஊர்க் கழனி ஓரத்தில் பனைமரங்களும் புதரும் உண்டு. இங்கே ஏரிக்கரை வரை வெட்டவெளி. வரப்பில் நிலத்துக்காரரின் ஆள் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். எழுதக் கை கூசுகிறது, ஒண்ணுக்குப் போக இடமில்லை. அதற்காக நான் தண்ணீர் குடிப்பதை விட்டேன். கூழைக்கூட இரண்டு வாயோடு வைத்துவிடுவேன்.

நாலைந்து நாளில் நீர்க்கடுப்பு வந்தது. நெருப்பு வைத்தது மாதிரி எரிந்தது. மாமியார் ஒன்றும் கேட்கவில்லை, கால் கட்டை விரல் இரண்டிலும் சுண்ணாம்பு தடவிவிட்டார். சூட்டுக்கு எங்கள் பக்கத்து வைத்தியம் அது. ஆனால் அந்த வெள்ளையைப் பார்த்தால் என்ன கோளாறு என்று ஊருக்கே தெரியும். அதனால் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ச் சேற்றில் இறங்கி விரல்களைப் புதைத்துக்கொண்டேன்.

மத்தியானம் எல்லோரும் கூழுக்குக் கரையேறினார்கள். நான் சேற்றிலேயே நின்றேன். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி என் கையைப் பிடித்து மேலே இழுத்து, காலில் தண்ணீர் ஊற்றினாள். சேறு போயிற்று, சுண்ணாம்பு போகவில்லை.

“அடியே, வெத்தலைக்கே சுண்ணாம்பு இல்லாம கீறோம், இது காலுக்குப் பூசிக்கினு வந்துகீது!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“தண்ணியே குடிக்கிறதில்லியா நீ?”

அவள் வரப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஐயா, செத்த அந்தாண்ட போ. பொண்ணு அவஸ்தப்படுது.”

“இன்னா அவஸ்த?”

“பொம்பள அவஸ்த. உனுக்கு வந்தா தெரியும், போய்யா!”

எனக்கு உயிர் போய்விட்டது. சாகிறவர்களுக்கு உள்ள சொல்லை என் ஒண்ணுக்குக்குப் போட்டு, அதுவும் ஓர் ஆம்பளையிடம்! அவர் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். பெண்கள் முதுகைக் காட்டி என்னைச் சுற்றி நின்றார்கள்.

நான் உட்கார்ந்தேன். வரவில்லை. அத்தனை பேரும் சத்தமில்லாமல் நின்றால் எப்படி வரும்? பெரியம்மா திரும்பாமலே சொம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விட்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம்தான் வந்தது, எரிச்சலோடு, அழுகையோடு.

எனக்குப் பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். மாமியாரும் போனார். அத்தனை பேரும் அடக்கிக்கொண்டுதான் நட்டிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து நான் தண்ணீர் குடித்தேன். மத்தியானம் குடை தானாகவே ஏரிக்கரைக்குப் போகும். அது போகும்போதெல்லாம், என்னால்தான் போகிறது என்று நினைத்து நாற்றுக்கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வேன்.