முப்பது வாட் கணக்கு

பத்து வயதில், என்னால் போட முடியாத வகுத்தல் கணக்கு உலகத்தில் இல்லை என்று நான் நம்பினேன். மலாயாவில், எங்கள் பகுதியான காஜா பேராங்கில் மாமா ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும் என்று அவர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக வகுத்து அம்மாவிடம் விடை சொல்ல ஆரம்பித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, “சரிடி, சரிடி” என்பாள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறையப்போகும் சமயம் அது. அதுவரை குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு மொழிப் பரீட்சை கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. அந்தச் சலுகை முடியப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி கடைசி முறையாக வருகிறார் என்று தகவல் வந்தது. காரில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போய் இதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று நாலு பெரியவர்கள் மாமாவைக் கேட்டுக்கொண்டார்கள். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவருடைய புதிய ஆம்பிளிஃபயரின் நெற்றியில் ‘30 வாட்’ என்று வெள்ளை எழுத்தில் பொறித்திருந்தது. அந்த எழுத்துகளை அவர் தினமும் துடைப்பார்.

சனிக்கிழமை காலை, இரவல் காரில் பெட்டியை ஏற்றினார். பேச்சு அத்தையுடையது. தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தும் அத்தையின் குரலுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம் என்று மாமா அடிக்கடி சொல்வார், பாராட்டாக அல்ல. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றைப் பின்னிருக்கையின் காலடியில் வைத்துவிட்டு, இன்னொன்றையும் தூக்க அவர் குனிந்தபோது நான் குறுக்கே வந்தேன்.

“மாமா, இது எதுக்கு? முப்பது வாட், பன்னெண்டு வோல்ட். ரெண்டரை ஆம்பியர்தான். பேட்டரி அறுபது ஆம்பியர் மணின்னு போட்டிருக்கு. இருபத்து நாலு மணி நேரம் ஓடும்!”

மாமா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். விடை சரியாக இருந்தது. கனமான பேட்டரியைத் தூக்க வேண்டாம் என்பது அவருக்கும் பிடித்திருந்தது. “பாத்தியா, என் அக்கா மகள!” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு இரண்டாவது பேட்டரியைக் கடையிலேயே விட்டார்.

ஒரு நாள் முழுக்கப் பாடினாலும் தீராத மின்சாரம் கையில் இருக்கிறதே என்று, அறிவிப்புக்கு நடுவில் மாமா இசைத்தட்டுகளும் போட்டார். தெங்கேரா கடலோரத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் ராணி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் நுழையும்போது மணி மூன்றிருக்கும். பால்வெட்டு முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அத்தை மைக்கைப் பிடித்தாள். “தோட்டத்து மக்களே, நாளைக்குத்தான் கடைசி...” அதற்குள் குரல் கரகரத்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆயிற்று. பிறகு ஒன்றுமே இல்லை.

மாமா கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். பெட்டியைத் திருப்பினார். பின்பக்கம், வாங்கியதிலிருந்து யாரும் துடைக்காத சின்னத் தகடு ஒன்று இருந்தது. துண்டால் தேய்த்து அதைப் படித்தார்.

“பன்னெண்டு வோல்ட், பதினோரு ஆம்பியர்” என்றார். “முப்பது வாட்டுங்கிறது ஸ்பீக்கருக்குப் போறது. உள்ள வால்வு சூடாகணும், மத்ததெல்லாம் வேல செய்யணும். அதுக்குச் சேத்து இது குடிக்கிறது நூத்தி முப்பதுக்கு மேல.”

நான் மனத்துக்குள் அறுபதைப் பதினொன்றால் வகுத்தேன். ஐந்தரை மணி நேரம்கூட வரவில்லை, பேட்டரியும் பழையது. காரின் பேட்டரி ஆறு வோல்ட்தான், அதுவும் ஆகாது.

“ரெண்டு பேரும் கணக்கு போட்டது போதும்” என்று அத்தை கீழே இறங்கினாள். “எறங்குங்க. அந்த லயத்துக்கு நீங்க போங்க. நான் இந்தப் பக்கம் போறேன். ஏய், நீ கடைசி லயம். ஒவ்வொரு வீடா சொல்லு. சூராட் இல்லன்னாலும் வரச் சொல்லு.”

பிறப்புச் சான்றிதழைத்தான் சூராட் என்றாள். நான் ஓடினேன். எனக்கு அவமானம் எல்லாம் இல்லை. வகுத்தல் சரி, எண்தான் தப்பு என்று அதற்குள் முடிவுகட்டியிருந்தேன். “நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆபீசர் வர்றாரு! குடியுரிமைக்கு எழுதிக்கிறாரு! சூராட் இல்லன்னாலும் வாங்க!” என்று வாசல் வாசலாகக் கத்தினேன். ஒரு கிழவர், “நாப்பது வருஷமா இங்கதான இருக்கேன், இனிமே என்னத்த எழுதறது?” என்று சிரித்தார். ஆனாலும் சட்டையைத் தேடி உள்ளே போனார்.

கடைசி வீட்டில் ஓர் அக்கா குழாயடியில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இன்னொன்று.

“நாளைக்குக் கோயில்ல புள்ளைக்கு முடி எறக்கறோம் கண்ணு. அடுத்த வாரம் போய்க்கிட்டா ஆவாதா?”

“ஆகும்க்கா, அடுத்த வாரம் போங்க” என்றேன். அவள் உள்ளே போய் ஒரு முறுக்கு எடுத்துவந்து கொடுத்தாள்.

திரும்பி வந்ததும் அத்தை கேட்டாள்: “ஒரு வீடு விடாம சொன்னியா?”

“பதினாலு வீட்டுலயும் சொல்லிட்டேன்.”

மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை சாலைவரை நின்றது. எழுதத் தெரியாதவர்களுக்கு அத்தை மாலைவரை மனு எழுதினாள். மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம், “என் அக்கா மக ஒரு லயத்தையே தனியா கூட்டிட்டு வந்தா” என்றார். நானும் அதை நம்பினேன். பல வருடம் நம்பினேன்.

குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை என்றால் என்ன, சொந்த ஊரிலேயே அந்நியராக எழுதப்பட்டவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார்கள் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அத்தை சொன்ன வாக்கியத்தில் ‘கடைசி’ என்ற ஒரு சொல் இருந்தது. பதினாலு வீட்டிலும் நான் அதைச் சொல்லவில்லை. அந்த வயதில், சிலவற்றுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லாமல் போகும் என எனக்குத் தெரியாது.