முடிக்கும் இலைக்கும் ஒரே வெளிச்சம்

அந்த வணிக வளாகத்தின் அடித்தளத்தில் பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வைத்த பெயர் சாயக்கா. தலைக்குச் சாயம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வந்து உட்காருகிறவளின் முகத்தையும் புருவத்தையும் ஒரு பார்வை பார்ப்பாள். மூன்று குழாய்களிலிருந்து கண்ணளவாகப் பிதுக்கிக் கிண்ணத்தில் குழைப்பாள். கழுவித் துவட்டியபின் பார்த்தால், பிறவியிலேயே அந்த நிறம்தான் என்று சத்தியம் பண்ணலாம். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்துவைத்ததும் இல்லை.

செடி கொடி மட்டும் அவளுக்கு ஆகாத விஷயம். அது நாத்தனாரின் ராஜ்ஜியம். நாத்தனார் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் நிறையத் தொட்டிகளோடு குடித்தனம் நடத்தியவள். அவளுக்குத் திடீரென்று தொலைவில் ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது. கம்பெனி கொடுத்த அறையில் கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை. அண்ணனிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். லிப்ட் மெக்கானிக்கான அண்ணனும் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், செடிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் கால் வைக்கவே இடமில்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. ஆகவே தொட்டிகள் எல்லாம் பார்லருக்கு வந்து இறங்கின.

கண்ணாடிக்கு மேலே இருந்த நீள அலமாரியில் அவற்றை வரிசையாக அடுக்கிவிட்டு, நாத்தனார் போகிற போக்கில் சொன்னாள்: "அண்ணி, உங்க கையில பிளாஸ்டிக் பூகூட வாடிடும். அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சாயக்காவும் சிரித்துத்தான் வைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அடித்தளத்தில் ஜன்னல் ஏது? காலையா மாலையா என்பதைப் படியில் இறங்கி வருகிறவர்களின் வியர்வையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் செடிகள் சமத்தாகத்தான் இருந்தன. அப்புறம் ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டி டியூப் லைட் பக்கம் சாய ஆரம்பித்தது. தண்டு நூல் மாதிரி இளைத்தது. புது இலைகள் வெளிறிப்போய், சீக்குக்காரி முகம் போல் வந்தன. வரிவரியாய் இலை உள்ள சின்னச் செடி ஒன்று ஒருநாள் தொட்டிக்கு வெளியே தொங்கிப்போய்க் கிடந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். வேர் அழுகியதுதான் மிச்சம். நாத்தனார் போனில் கேட்டபோதெல்லாம் எல்லாம் ஜோராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உடனே சமையலுக்கும் சளிக்கும் பேச்சை மாற்றினாள்.

செடிக்கென்றே எல்இடி விளக்கு விற்கிறார்கள் என்று வாடிக்கைக்காரி ஒருத்தி சொன்னாள். சாயக்கா அன்றைக்கே போனில் தேடினாள். அட்டையில் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை வரவழைத்தாள். சுவிட்சைத் தட்டியதும் கடை முழுக்க ஒரே கத்தரிப்பூ நிறம். எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, அக்கா, உள்ளே பேய்ப்படம் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டார். கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்த பெண்கள் ஆஸ்பத்திரியில் சேரலாமா என்று யோசித்தார்கள். சாயக்கா அசையவில்லை. செடி பிழைத்தால் போதும் என்றிருந்தாள்.

அப்போதுதான் நூலகக்காரம்மா சாயம் போட வந்தாள். பல வருஷத்து வாடிக்கை. எப்போதும் கேட்பது அடர்பழுப்பு. சாயக்கா அந்த ஊதா வெளிச்சத்திலேயே வழக்கம்போலக் கண்ணளவாகக் கலந்தாள். தடவி, கழுவி, துவட்டியபோது முடியில் சிவப்புத் தூக்கலாகத் தெரிந்தது. விளக்கின் சேட்டை என்று விட்டுவிட்டாள். ஆனால் அது முடியிலேயே ஏறியிருந்த சிவப்புதான். அந்த அம்மாள் படியேறி வெயிலுக்குப் போனதுதான் தாமதம், எதிரே வந்தவன் செங்கல் சூளைப் பக்கம் போய் வந்தீர்களா என்று கேட்டுவிட்டான். அவள் திரும்பி இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதுவரை சாயக்காவின் கடைக்குச் சாயம் சரியில்லை என்று யாரும் திரும்பி வந்ததே கிடையாது. ஊதா விளக்கை அணைத்தாள். மறுபடியும் கலந்து, பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து அனுப்பினாள். நூலகக்காரம்மா பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போனாள். சாயக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் அதற்கென்ன, செடிகளைப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்குத் தள்ளி, விளக்கையும் அங்கேயே மாட்டிவிடலாம் என்றார்.

"அதுங்க என்ன குத்தம் பண்ணுச்சு, இருட்டறையில போட்டு அடைக்க? என் கடையில இருந்தா என் கண்ணு முன்னாடிதான் இருக்கணும்."

"அப்ப சாயம்?"

"சாயமும் அங்கதான். ரெண்டுக்கும் சேர்ந்தாப்புல ஒரு லைட்டு இல்லாமலா போயிடும்?"

அந்தக் கேள்விதான் அவளுக்கு வழியைக் காட்டியது. நிறம் என்பது பாதி பொருளிலும் பாதி வெளிச்சத்திலும் இருக்கிறது என்று அவளுக்குத் தொழிலில் தெரியும். வெயிலில் ஒரு மாதிரி, மஞ்சள் பல்பில் ஒரு மாதிரி, டியூப் லைட்டில் ஒரு மாதிரி தெரிகிற தலைகளோடுதான் அவள் காலமெல்லாம் மல்லுக்கட்டியிருக்கிறாள். இதுவரை முடிக்கு யோசித்ததை இலைக்கு யோசிக்கவில்லை, அவ்வளவுதான். கடை ஓய்ந்த மதியங்களில் உட்கார்ந்து படித்தாள். செடிக்குச் சிவப்பும் நீலமும் முக்கியம் என்பதால் அந்த இரண்டை மட்டும் வைத்துச் செய்வதுதான் ஊதா விளக்கு. வெயிலைப் போல எல்லா நிறமும் கலந்த வெள்ளை எல்இடியிலும் அந்த இரண்டும் இருக்கின்றன. அதிலும் செடி நன்றாகவே வளரும். மனிதர் கண்ணுக்கும் நிறம் நிறமாகத் தெரியும். ஆனால் வெள்ளை என்று பேர் வைத்ததெல்லாம் ஒன்றல்ல.

மறுநாள் சாய மாதிரி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேல்தளத்து எலக்ட்ரிக் கடைக்குப் போனாள். கருப்பு முதல் செம்பட்டை வரை சின்னச் சின்ன முடிக்கற்றைகள் ஒட்டிய அட்டை அது. ஒவ்வொரு வெள்ளை விளக்காக எரியவிடச் சொல்லி, கற்றைகளை அதன் கீழே பிடித்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு ஓடி வெயிலில் பார்த்தாள். கடைக்காரர் முதலில் முழித்தார்; கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சுவாரசியம் தட்டிவிட்டது. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று சில அட்டைகளில் மதிப்பெண் போட்டிருப்பதை அவர்தான் எடுத்துக் காட்டினார். தொண்ணூறுக்கு மேல் வாங்கிய இரண்டு விளக்குகள் தேறின. அவற்றில் ஒன்றின் கீழே பிடித்தபோது அடர்பழுப்பும் கருஞ்சிவப்பும் வாசல் வெயிலில் தெரிந்தபடியே அச்சாகப் பிரிந்து தெரிந்தன.

"இதுதான். இதையே நாலு எடுத்து வைங்க" என்றாள்.

வாட் விஷயத்தில் அவள் மறுபடி ஏமாறத் தயாராக இல்லை. கணவர் தன் வேலைப் பையிலிருந்த மீட்டரை வைத்துப் பழைய ஊதா விளக்கைச் சோதித்தார். ஆயிரம் என்று மார்தட்டிய விளக்கு உண்மையில் இழுத்தது நூறுகூட இல்லை. புது விளக்கு அட்டையில் போட்டிருந்த அளவையே இழுத்தது. கணவர் மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டே, நீ வாங்கினது யோக்கியமான விளக்கு என்று சான்றிதழ் கொடுத்தார்.

பொருத்தியபின்னும் ஒரு சின்னச் சறுக்கல். அதிகம் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டு இலைகளை ஒட்டித் தொங்கவிட்டதில் ஓரங்கள் காய்ந்து பொரிந்தன. ஹேர் டிரையரை மண்டையோடு ஒட்டிப் பிடிப்பாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒன்றரைச் சாண் உயர்த்திக் கட்டினாள். செடிக்கும் தூக்கம் வேண்டும் என்று படித்திருந்ததால், கடை திறக்கும்போது எரிந்து மூடும்போது அணைய ஒரு டைமரும் போட்டாள்.

அப்புறம் நடந்ததை அவளே தினம் நின்று பார்த்தாள். தண்டுகள் நிமிர்ந்தன. இலைகள் நெருக்கமாக, பச்சையாக வந்தன. சிலது தொட்டியைத் தாண்டிக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் தோரணம் மாதிரி இறங்கின. படியில் இறங்கி வருகிறவர்கள் பார்லருக்கு வேலை இல்லாவிட்டாலும் ஒரு நிமிஷம் நின்றார்கள். யார் வளர்க்கிறார்கள் என்று கேட்டால், கையிலிருந்த பிரஷ்ஷை வைத்துவிட்டு, "நான்தான்" என்பாள். நாத்தனாருடைய செடி என்று சொல்ல நாக்கு வரை வரும், வெளியே வராது.

நாத்தனார் விடுமுறையில் சொல்லாமல் கொள்ளாமல் பையோடு நேராகக் கடைக்கே வந்து நின்றாள். சாயக்கா அப்போது சாயம் தடவிய ஒரு தலைக்கு அலுமினியத் தகடு சுற்றிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அலமாரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தாள். கடைசியில் இருந்த ஹோயாக் கொடியின் முன்னால் நின்றுவிட்டாள். மெழுகில் செய்து ஒட்டியது போன்ற சின்ன நட்சத்திரப் பூக்கள், வெளிர் ரோஜா நிறத்தில், ஒரே கொத்தாகப் பூத்திருந்தன.

"இது பூத்துச்சா அண்ணி?"

"ரெண்டாவது கொத்து. முதல் கொத்து உதிர்ந்துடுச்சு."

"நான் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? என்கிட்ட ஒரு மொட்டுகூட விட்டதில்ல."

சாயக்கா இந்த நிமிஷத்துக்காக எத்தனையோ பதில்களைச் சேர்த்துவைத்திருந்தாள். ஒவ்வொன்றும் சுருக்கென்று தைக்கக்கூடியது. ஆனால் நாத்தனாரின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. "உன் பழைய வீட்டு ஜன்னலுக்கு நேரா ஒரு பெரிய கட்டடம் வந்துடுச்சில்ல, வெயிலை மறைச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிட்டாள்: வரிவரி இலைச் செடி ஒன்றைத் தன்னால் காப்பாற்ற முடியவில்லை. நாத்தனார் அதற்குத் தலையை ஆட்டினாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

"இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும் அண்ணி. ஒரே ஒரு சின்னத் தொட்டி மட்டும் கொண்டுபோறேன். அதுக்கு லைட்டு நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க. எனக்கு ஒண்ணும் புரியாது."

சாயக்கா தகடு சுற்றி முடித்து, கையைக் கழுவி, அவளை மேல்தளத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

நாத்தனார் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள். செடியையும் விளக்கையும் கட்டில் தலைமாட்டில் பொருத்தியாகிவிட்டதாம்; பக்கத்து அறைக்காரிகள் வந்து பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்களாம். "எங்க அண்ணி செலக்ட் பண்ணினதுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் உங்க நம்பர் கேக்குறாங்க" என்று முடித்திருந்தாள்.

நாற்காலியில் சாயம் ஊற உட்கார்ந்திருந்தவள் யாரது என்று கேட்டாள். என் நாத்தனார் என்றாள் சாயக்கா. சத்தம் சரியாகக் கேட்டிருக்காது என்று சொல்லி, போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய், முதலிலிருந்து மறுபடி போட்டுக் காட்டினாள்.