வலையை விடாத தேவாங்கு

எங்கள் நைனாவுக்கு ஊர் வைத்த பெயர் தேவாங்கு. ஆள் ஒல்லி, முழிக்கண், எதையும் ஆற அமரத்தான் செய்வார். கோபம் வந்தால் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவாள். யார் கூப்பிட்டாலும் நைனா காதில் விழாத மாதிரி நடந்துவிடுவார். முகம் மட்டும் சுண்டிப்போகும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

நிஜத் தேவாங்கை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அது வந்து சேர்ந்ததோ எங்கள் பாடு நாளில். ஏரியில் நல்ல இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய இடம் அந்த இறால் பருவத்தில் எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் விழுந்தது. தண்ணீர் வடியத் தொடங்குவதற்குள் வலையோடு அங்கே நிற்க வேண்டும். பிந்தினால் அடுத்த முறைக்காரர் இறங்கிவிடுவார். மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகும் நானே அதற்காக லீவு போட்டிருந்தேன்.

விடிந்ததும் பூவரச மரத்தில் காயப்போட்டிருந்த வலையை அண்ணன் இழுத்தான். வரவில்லை. மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. தொடைக்கு நடுவே தலையைச் செருகிக்கொண்டு, வலையை நாலு கையாலும் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. கால் என்று சொல்ல மனம் வரவில்லை. நாலும் கைதான், ஒவ்வொன்றும் பென்சில் கனம். வால் கிடையாது. தொட்டதும் தலையைத் தூக்கியது. முகத்தில் பாதி கண். சுற்றிலும் மை தீட்டியதுபோலக் கறுப்பு, நடுவே மூக்குவரை ஒரு வெள்ளைக் கோடு. எதிர்க்கரைக் காட்டிலிருந்து வந்த விறகுப் படகில் ஏறியிருக்கும் என்றாள் அம்மா.

"நைனா, உன் பங்காளி வந்துகீறாரு" என்றான் அண்ணன். நைனா சிரிக்கவில்லை.

ஏதோ ஒரு தீவில், அலையாத்தி மரத்தில், முடியில் பாசி பிடித்துத் தொங்கும் குட்டிச் சோம்பேறி விலங்கு ஒன்றைப் போனில் பார்த்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சொந்தம் இல்லையாம். அவசரம் தெரியாததில் மட்டும் இரண்டும் ஒன்று. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு கை வேறு கண்ணியைப் பற்றியது.

"ஒரே இழுப்பா இழுத்துட்டா வந்துடும் நைனா. தண்ணி நமக்கோசரம் நிக்காது" என்றான் அண்ணன்.

"கை ஒடிஞ்சிடும்டா."

"அப்ப வலைய அறுத்துடலாமா?"

"நடுவுல ஓட்டையோட போயி இன்னாத்த புடிப்ப?"

எங்களிடம் அந்த இடத்துக்கு ஏற்ற வலை அது ஒன்றுதான். நான் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து நீட்டினேன். ஒரு கையால் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தலையிலிருந்து தின்றது. மற்ற மூன்று கையும் தளரவே இல்லை. நைனா ஒரு பூவரசங்கிளையை ஒடித்துப் பக்கத்தில் பிடித்தார். தடவிப் பார்த்து ஒரு கையை மாற்றியது. அந்தக் கை கிளையை நன்றாகப் பற்றிய பிறகுதான் அடுத்த கை. நடுவில் உள்ளங்கையில் மூத்திரம் விட்டுத் தேய்த்துக்கொண்டது. அது அதன் பழக்கமாம். பாதி அண்ணன் சட்டையில் விழுந்தது. அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

நாலாவது கையும் மாறியபோது தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. நைனா கிளையை அப்படியே தூக்கிப்போய் ஓரத்துப் புதரில் செருகிவிட்டு, அது உள்ளே போகும்வரை நின்றார்.

இருந்தாலும் படகெடுத்துப் போனோம். எங்கள் இடத்தில் அடுத்த முறைக்காரர் வலை கட்டக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். நைனாவை முதன்முதலில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரே அவர்தான், ஊர் பிறகு பிடித்துக்கொண்டது.

"இன்னா தேவாங்கு, தூங்கிட்டியா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நைனா துடுப்பை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா?" என்றார், கூப்பிட்டது தன்னைத்தான் என்பதுபோல.