மிச்ச இருபது மார்க் ஆருக்கு?

வளரும் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, இன்னும் ஐந்து வருடத்தில் இவன் என்ன ஆவான் என்று சொல்லுகிற தொழில் இங்கே எங்கள் ஆட்களுக்குள் இரண்டு பேருக்குத்தான் உண்டு: ஒருவர் சாத்திரியார், மற்றவர் நான். சாத்திரியாருக்குத் தட்சணை கிடைக்கிறது. எனக்கு வார இறுதி போகிறது, அவ்வளவுதான்.

நான் பார்ப்பது சாதகம் அல்ல, பேஸ்போல். வார நாட்களில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் பேஸ்போல் சங்கத்துக்காக மைதானம் மைதானமாக அலைந்து, மேல் வகுப்புகளில் படிக்கிற பிள்ளைகள் எப்படி எறிகிறார்கள், எப்படி அடிக்கிறார்கள், எப்படி ஓடுகிறார்கள் என்று பார்ப்பேன். இப்போதைய திறமைக்கு ஒரு புள்ளி, வருங்காலத்துக்கு ஒரு புள்ளி போடுவேன். மிக நல்ல பிள்ளைக்குத் தெற்கே ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கிடைக்கும். படிப்பும் அங்கேயே, பயிற்சியும் அங்கேயே.

தமிழ்ப்பள்ளி நடத்துகிறவர்களே, மிருதங்கம் பழக்குகிறவர்களே, பிள்ளையைப் பற்றி ஒரேயொரு உண்மையைப் பெற்றவர்களிடம் சொல்லிவிட்டு அன்றைக்கு நித்திரை இல்லாமல் புரண்ட எல்லோருமே, இது உங்களுக்குத்தான். போன வருடம் ஒரே குடும்பத்திடம் நான் எத்தனை தடவை ஆடிப்போனேன் என்று கேளுங்கள்.

குறுக்கே வந்த தகப்பன்

ஜெனோசனுக்கு அப்போது பதினேழு வயது. ஆள் நெடுவல், பேச்சுக் குறைவு. மைதான நடுவில் இருக்கிற சின்ன மண்மேட்டில் நின்று பந்து எறிகிறவன். அந்த வருடம் எறிகிறவர்களுக்கு விடுதிப் பள்ளியில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதற்காக அவன் உயிரைக் கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தான். பந்தின் வேகத்தை அளக்க எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. கறுப்பு நிறம். பிடி ஒன்று, விசை ஒன்று. எறிகிறவனை நோக்கி நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் வலைக்குப் பின்னால் வரிசையாக நின்று ஆளுக்கொன்றை அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தோம்.

மகனை இறக்கிவிட்டுக் கார் நிறுத்தப் போயிருந்த மரியதாஸ் அண்ணை அப்போதுதான் வேலியடிக்கு வந்தார். வந்தவர் எங்களைக் கண்டார். அடுத்து நான் பார்த்தது, ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதர் குளிர்ச்சட்டை பறக்க மைதானத்துக்குக் குறுக்கே ஓடிவந்து, இரண்டு கைகளையும் விரித்து மகனை மறைத்துக்கொண்டு நிற்பதைத்தான். அவர் மன்னாரில் பிறந்து, சண்டைக்குள் வளர்ந்தவர். எங்கள் கையில் எதைக் கண்டார் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை. ஓடிப்போய்க் கருவியை அவர் கையில் கொடுத்து, "அண்ணை, இது வேகம் பாக்கிற சாமான்" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒண்டும் யோசிக்கேல்லைத் தம்பி. கால் தன்ரை பாட்டிலை ஓடிட்டுது" என்றார்.

என்னோடு சேர்ந்து புள்ளி போடுகிற ஊவே என்ற ஜெர்மன்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மைதானத்தில் யார் ஓடினாலும் கையிலிருக்கும் கடிகாரத்தை அமுக்குவது அவர் விரலுக்குப் பழகிப்போன காரியம். அன்றும் அமுக்கியிருக்கிறார். அண்ணை வேலிக்கு வெளியே போனபிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பேயைக் கண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். "தகப்பன் மகனை விட வேகம்!" என்றார்.

தொலைபேசியில் கேட்ட கேள்விகள்

பதினேழு வயது உடம்பு இன்னும் எவ்வளவு வளரும், எவ்வளவு தடிக்கும் என்று கணிக்க வேண்டுமானால் பெற்றவர்களைப் பற்றி விசாரிக்க வேண்டும். தொழிலில் அது கட்டாயம். ஆகவே ஒரு பின்னேரம் ஜெனோசனின் தாய் றெஜினா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அண்ணை என்ன உயரம், உங்கள் பக்கத்து ஆட்கள் உயரமா, மாமன்மார் எப்படி, குடும்பத்தில் முழங்கால் வருத்தம், நாரி வருத்தம் யாருக்காவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிறகு, பிள்ளை நன்றாகச் சாப்பிடுவானா, கோபக்காரனா, தோற்றால் தாங்குவானா என்றும் கேட்டேன்.

முதலில் சுருக்கமாகத்தான் பதில் வந்தது. போகப்போக அக்காவின் குரலில் தேன் ஒழுகத் தொடங்கியது. இரண்டு பக்கமும் சீனி வருத்தம் இல்லை என்றார். தன் தமையன்மார் கதவு நிலையில் தலை இடிக்கிற ஆட்கள் என்றார். பிள்ளை சிகரெட்டைக் கண்ணாலும் பாராதவன் என்று நான் கேளாமலே சொன்னார். யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒரு காணி கிடக்கிறதாம். காணிக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சரி தம்பி, ஆனா அவன் படிச்சு முடிக்க இன்னும் கன வரியம் கிடக்கு. பொம்பிளை வீட்டுக்காரர் அவ்வளவுக்குப் பொறுத்திருப்பினமோ?"

நாற்பது

எங்கள் புள்ளிக் கணக்கு அமெரிக்காவில் இருந்து வந்தது. இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஐம்பது என்றால் அங்கே பெரிய லீக்கில் சம்பளத்துக்கு விளையாடுகிற ஒருவரின் நடுத்தரம். எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாற்பது போடக் கிடைத்தால் நான் வீட்டுக்குப் போய்ப் பாயாசம் காய்ச்சலாம். ஜெனோசனின் எறிதலுக்கு இப்போது நாற்பது, வருங்காலத்துக்கு ஐம்பத்தைந்து போட்டேன். ஊவேயும் அதையே போட்டிருந்தார். சந்தோசம் தாங்காமல் அன்றைக்கே தாய் தகப்பனை என் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

றெஜினா அக்கா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. தங்கச்சியின் மகள் தமிழ்ச் சோதனையில் தொண்ணூற்றெட்டு எடுத்தவளாம். நாற்பதை எப்படி வெளியில் சொல்வது, நல்ல ரியூசன் மாஸ்டர் ஒருவரைச் சொல்லுங்கோ என்று என்னிடமே கேட்டார். மரியதாஸ் அண்ணை வேறு, "இஞ்சை ஜெர்மன் பள்ளியிலை ஒண்டு எடுத்தால்தானே திறம், நாப்பது எண்டா எங்கை நிக்குது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். நான் மேசையில் விரலால் கோடு கீறி, இது இருபது, இது ஐம்பது, இதுதான் எண்பது, இதற்கு மேல் உலகத்தில் எவருக்கும் கிடையாது என்று தொண்டை வரள விளக்கினேன். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டுக் கடுமையாக யோசித்தார். "எண்பதுதான் கூடினது எண்டா, மிச்ச இருபது மார்க் ஆருக்குத் தம்பி?"

ஞாயிற்றுக்கிழமைச் சோறு

கடைசித் தேர்வுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, பூசை முடிந்த ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப வீட்டுக்குச் சம்மதமா என்று நானும் நேரில் அறியவேண்டி இருந்தது. அதற்கு முந்தின நாள் ஜெனோசன் ஒரு போட்டி முழுவதும் எறிந்திருந்தான். சோறு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி எல்லாம் மேசைக்கு வந்தன. நான் கையைச் சோற்றில் வைத்தேன். எதிரே ஜெனோசன் இடது கையால் கரண்டி பிடித்துச் சோறு அள்ளினான். "வலக்கையாலை சாப்பிடடா, ஆக்கள் வந்திருக்கேக்கையும் இந்த வெள்ளைப் பழக்கம்" என்று தாய் அதட்டினார். அவன் கேளாத மாதிரி இடது கையாலேயே சாப்பிட்டான்.

ஒரு தமிழ்ப் பிள்ளை, தாய் அதட்டியும், விருந்தாளிக்கு முன்னால் இடது கையால் தின்கிறான் என்றால் அது பழக்கம் அல்ல. நானும் ஒரு காலத்தில் பந்து எறிந்தவன். சாப்பிட்டு முடிய அவனைப் பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். "வலக்கையாலை உன்ரை தோளைத் தொடு பாப்பம்" என்றேன். கை பாதி வழி வந்து நின்றுவிட்டது. முழங்கை வீங்கிச் சூடாக இருந்தது. இந்தக் கையாலா நேற்று அவ்வளவு நேரம் எறிந்தான்! எப்போதிருந்து என்று கேட்டேன். கண்ணில் நீர் முட்ட என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள், மூண்டு கிழமைக்கு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இடம் கிடைச்சாப் பிறகு கை முறிஞ்சாலும் பரவாயில்லை."

ஊவேக்கு விளங்காத விசயம்

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. அந்த நாற்பது புள்ளியும் ஐம்பத்தைந்து புள்ளியும் நான் ஆசையோடு போட்டவை. முதன்முதலாக எங்கள் பிள்ளை ஒன்று அங்கே போகப்போகிறது என்று நானும் மனதுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் முழங்கைக்குள் ஏதும் அறுந்து, அது ஒட்டாவிட்டால், ஐம்பத்தைந்து அல்ல, ஒரு வாளித் தண்ணீர் தூக்குவதும் பிற்காலத்தில் பாடாகிவிடும். தாய் தகப்பனுக்குச் சொன்னேன். பிறகு ஊவேயைக் கூப்பிட்டு, மருத்துவர் பார்க்கும்வரை அவன் பெயரை நிறுத்திவைக்கச் சொன்னேன்.

ஊவே நம்பவே இல்லை. நேற்றுத்தான் பார்த்தேன், ஒரு எறிதலும் பிசகவில்லை, முகம் சுளிக்கவில்லை, நீ எந்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தாய் என்று ஜெர்மனில் கத்தினார். அவன் இடது கையால் சோறு தின்றான் என்றேன். பிறகு, இந்த மனிதனோடு இத்தனை வருடம் எப்படிக் குப்பை கொட்டினேன் என்ற குரலில் கேட்டார்: "நான் அறுபது வருடமாக முள்ளுக்கரண்டியை இடது கையில்தானே பிடிக்கிறேன், என்னையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறாயா?"

கார் தரிப்பிடத்தில்

படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், முழங்கைத் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் எறிந்திருந்தால் முழுதும் போயிருக்கும் என்றார். ஒரு வருடத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது. இடம் வடக்கே ஒரு பையனுக்குப் போனது. ஜெனோசன் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறான். போகட்டும், கையோடு போகிறான் அல்லவா. றெஜினா அக்கா ஆஸ்பத்திரி நடையில் சுவரோடு சாய்ந்து நின்று அழுதார். ஊரார் வீட்டுக் கிழவிமாரின் கையை நாள் முழுக்கத் தூக்கித் துடைக்கிற எனக்கு, பெற்ற பிள்ளையின் கை தெரியவில்லையே என்று விசும்பினார்.

மரியதாஸ் அண்ணை என்னைக் கார் வரை கொண்டுவந்து விட்டார். திட்டுவார், அல்லது நன்றி சொல்வார் என்று இரண்டுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "எனக்குத் தெரியும் தம்பி" என்றார். எனக்கு விளங்கவில்லை. "ரெண்டு மாதமா நான்தான் எண்ணெய் போட்டு உருவிவிட்டனான். மனிசிக்குத் தெரியாது, சொல்லிப்போடாதேங்கோ." மகனை மறைக்க ஓடிவந்த இவரா என்று இருந்தது. ஏறிக் காரை எடுக்கவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கோபத்தில் என் குரல் எழும்பிவிட்டது. "தெரிஞ்சுகொண்டோ அண்ணை எறிய விட்டனீங்கள்? ஏன்?"

அவர் மறுக்கவில்லை. கண்ணையும் துடைக்கவில்லை. "அவன் ஏழு வயசிலை இருந்து எங்களுக்கு வாற ஜெர்மன் கடிதமெல்லாம் வாசிச்சவன். விசா அலுவலகம், டாக்குத்தர், வீட்டுக்காரன் எண்டு அவங்கள் வரச்சொல்லுற ஒவ்வொரு ரெர்மினுக்கும் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வந்து எனக்காகக் கதைச்சவன். இவ்வளவு காலத்திலை தனக்கெண்டு கேட்டது இதொண்டுதான். நான் எந்த வாயாலை ஏலாது எண்டு சொல்லுறது தம்பி?"

ஆக, பிள்ளைகளை எடைபோடத்தான் என்னை அனுப்புகிறார்கள், ஆனால் நான் வாயடைத்து நின்றதெல்லாம் பெற்றவர்களுக்கு முன்னால்தான்.